பாட்டுப் புஸ்தகத்தில் பென்சில்

டெய்சிக்கு எண் மட்டும் மறக்காது. பெரிய மூளைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பிளஸ் டூ கணக்கில் தத்தித் தடுமாறிக் கரையேறியவள்தான். ஆனால் அவள் அப்பா மாசிலாமணி வடகோவைப் பக்கம் ஒரு சர்ச்சில் கோயில்பிள்ளை. மணியடிக்கிறது, பெஞ்சு துடைக்கிறது, கதவு பூட்டுகிறது எல்லாம் அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பாடப்போகிற பாட்டுகளின் எண்களைச் சுவரில் தொங்குகிற மரப்பலகையில் செருகுகிறதும் அதில் ஒன்று. அந்த ஒன்றை மட்டும் மகளுக்கு எட்டு வயசிலேயே தள்ளிவிட்டார். ஆயர் துண்டுச்சீட்டில் நாலு எண் எழுதிக் கொடுப்பார், டெய்சி தகர எண்களைப் பொறுக்கிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறிச் செருகுவாள். பதினாலு வருஷம், ஒரு ஞாயிறு தப்பாமல். அதில் என்ன ஆகிப்போனதென்றால், எந்த எண்ணைப் பார்த்தாலும் அந்தப் பாட்டின் ராகம் தானாகத் தொண்டைக்கு வந்துவிடும். டவுன் பஸ் நம்பரைப் பார்த்துக்கூட முணுமுணுப்பாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் இந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

ரெண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று பேப்பர்காரர்கள் பயமுறுத்திக்கொண்டிருந்த வருஷம் அது. நின்றுபோகப்போகிற சாமானைப் படிக்கத்தான் ஊரே முண்டியடித்தது. காந்திபுரத்தில் மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் சென்டர். அதில் ஒன்று ஜேக்கப் குமாரசாமியுடையது. அவர்தான் சபைக் கமிட்டிக்கும் செக்ரட்டரி. கோயில்பிள்ளை மகள் என்று டெய்சியைச் சேர்த்துக்கொண்டவரும் அவரே, அதை மறைக்கக் கூடாது. நெடுநெடு ஆள், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வாயைத் திறந்தால் 'ரூல்னா ரூல்தான்' என்பார். ஆராதனை தொடங்கி அஞ்சு நிமிஷம் கழித்து வந்தவர்களை, கைக்குழந்தைக்காரியானாலும், பின்வரிசையைத் தாண்ட விடமாட்டார்.

அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய மில்லில் அலுவலகக் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒயர் போட்டு ஒன்றாக இணைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று குமாரசாமியிடம் கேட்டிருந்தார்கள். ஒரே நிபந்தனை: நெட்வொர்க் பற்றி அமெரிக்கக் கம்பெனி ஒன்று நடத்துகிற பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். பெங்களூருக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதுகிற பரீட்சை. அதற்கான கட்டணம் டாலரில். கேட்டாலே தலை சுற்றும். குமாரசாமி நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டினார். சென்டரில் ஒரு தேர்வு நடக்கும், அதில் முதலாவதாக வருகிற ஒருவருக்கு மட்டும் சென்டரே கட்டணம் கட்டிப் பெங்களூருக்கு அனுப்பும். தேறி வந்தால் மில் வேலை.

டெய்சிக்கு அந்த வேலை வேண்டும். ஆசை என்று சொல்லிக் குறைத்துவிட முடியாது. அப்பாவுக்கு வருகிற மார்ச்சோடு ஐம்பத்தெட்டு முடிகிறது. அதோடு கோயில் வேலையும் முடியும், கோயிலுக்குப் பின்னாலிருக்கிற ஒன்றரை அறை வீட்டையும் காலி செய்து கொடுக்க வேண்டும். அம்மா ஜெயக்கொடிக்குக் காலில் வீக்கம், நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். மார்ச்சுக்குள் டெய்சி சம்பாதித்தால் மூணு பேர் தலைக்கும் ஒரு கூரை. இல்லாவிட்டால் சென்னிமலையில் சித்தப்பா வீட்டுத் தாழ்வாரம். சித்தப்பா சம்சாரத்தின் நாக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டாம்.

படிப்பில் எல்லாரையும் கவிழ்த்துவிட்டது போர்ட் நம்பர்தான். ஒரு கம்ப்யூட்டரைப் பல வாசல் வைத்த கட்டடமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு எண். கடிதம் அனுப்புகிற வாசல் இருபத்தஞ்சு. வந்த கடிதத்தை எடுத்துக்கொள்கிற வாசல் நூற்றிப்பத்து. வெப்சைட் பார்க்க எண்பது. பெயரைச் சொன்னால் விலாசம் சொல்கிற வாசல் ஐம்பத்துமூணு. தூரத்திலிருக்கிற இன்னொரு கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே நுழைகிறதுக்கு, டெல்நெட் என்பார்கள், இருபத்துமூணு. இப்படி நாற்பது எண்ணை ஒரு ஜெராக்ஸ் தாளில் கொடுத்து, கண்ணை மூடினாலும் சொல்லணும் என்றார் வாத்தியார். பையன்கள் கையில் எழுதிப் பார்த்தார்கள், துண்டுத்தாளில் எழுதி விரலில் மோதிரமாய்ச் சுருட்டிப் பார்த்தார்கள், மறுநாள் காலையில் இருபத்தொண்ணும் அறுபத்தொன்பதும் கட்டிப்புரண்டு கிடந்தன.

டெய்சிக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தஞ்சாம் பாட்டு ஊழியத்துக்குப் போகிறவர்களை வழியனுப்பி வைக்கிற பாட்டு. கடிதம் அனுப்புகிற வாசலுக்கு அதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும். நூற்றிப்பத்து, கிடைத்ததற்கெல்லாம் நன்றி சொல்கிற பாட்டு. ஐம்பத்துமூணு ஆண்டவர் பேர்களை வரிசையாகச் சொல்லித் துதிப்பது. எண்பது காலை ஆராதனையில் கைக்குழந்தைகூடத் தலையாட்டுகிற பாட்டு. அங்கங்கே பொருத்தம் கொஞ்சம் இழுபறியாக இருந்தது, இருந்தாலென்ன, ராகம் இருக்கிறதே. பாடகர் குழுவில் தனக்கென்று கொடுத்திருந்த பாட்டுப் புஸ்தகத்தை எடுத்து, ஒவ்வொரு பாட்டின் எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலில் பொடி எழுத்தாக வாசலின் பேரை எழுதி வைத்தாள். கோயில் புஸ்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். பரீட்சை முடிந்ததும் அழித்துவிடலாம், பென்சில்தானே என்று நினைத்தாள். ரெண்டு நாளில் நாற்பதும் மனசில் ஏறிவிட்டது. அதற்கப்புறம் புஸ்தகத்தைத் திறக்க வேண்டிய தேவைகூட வரவில்லை.

இந்த வித்தையை அவள் ஒரே ஒருத்திக்குத்தான் காட்டினாள். ரங்கநாயகி, கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற ராமுலு நாயுடுவின் மகள். பட்டறைக் கணக்கப்பிள்ளையும் அவள்தான், சாணை பிடிக்கவும் தெரியும். சென்டரில் சேர்ந்த முதல் நாளிலிருந்து ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. ரங்கு டப்பாவில் கொண்டுவருகிற புளிசாதத்தில் பாதி டெய்சிக்கு. அது கேட்டு வாங்குகிறதில்லை, மூடி திறந்ததும் தானாகப் பிரிந்துவிடும். ரங்குவுக்கு எல்லாம் புரியும், எண் மட்டும் நிற்காது. பாவம் என்று டெய்சி புஸ்தகத்தைத் திறந்து காட்டி, ராகத்தையும் சொல்லிக் கொடுத்தாள்.

அப்புறம் கணபதியில் நடந்த கூத்தைக் கேட்க வேண்டும். ரங்கு பட்டறையில் நட்டு போல்ட்டைப் பிரித்துக்கொண்டே வழியனுப்புப் பாட்டை முணுமுணுத்திருக்கிறாள். அது அம்மா லட்சுமியம்மாள் காதில் விழுந்துவிட்டது. பொண்ணு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டதோ என்று மூணு நாள் சோறு இறங்கவில்லையாம். கடைசியில் டெய்சியையே வீட்டுக்கு வரவழைத்து, ஏனம்மணி, நெசத்தைச் சொல்லு என்று கேட்டாள். டெய்சி விளக்கிச் சொன்னதும் லட்சுமியம்மாள் நெடுநேரம் யோசித்தாள். கம்ப்யூட்டருக்கு இத்தனை வாசல் எதுக்கு, திருட்டுப் பயம் இல்லையா என்று கேட்டாள். அது நல்ல கேள்வி என்று ரெண்டு பேரும் வழியெல்லாம் சிரித்தார்கள்.

மாதிரித் தேர்வுகள் மூணு நடந்தன. மூணிலும் டெய்சி முதல், ரங்கு ரெண்டாவது. மூணாவது மார்க் பட்டியலைப் பார்த்துவிட்டு ரங்கு விளையாட்டாக, நீ ஒரு நாளைக்கு மட்டும் காய்ச்சல்ல படுத்துக்கோ டெய்சி, நான் பெங்களூரு பாத்துட்டு வாரேன் என்றாள். டெய்சியும் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அதோடு அது மறந்தும் போனது.

தேர்வு நாள் சனிக்கிழமை. நோட்டு, தாள் எல்லாம் வெளி மேஜையில் வைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். டெய்சி ஜெராக்ஸ் தாளை வைத்தாள், நோட்டை வைத்தாள். பாட்டுப் புஸ்தகம் பையிலேயே இருந்தது. சாயங்காலம் பாடகர் குழுப் பயிற்சிக்கு நேரே போக வேண்டும். அதைப் போய்ப் பாட நோட்டு என்று யார் நினைப்பார்கள். பையை மூடிக் காலடியில் வைத்துக்கொண்டாள். ஐம்பது கேள்வி, ஒரு மணி நேரம். முதல் பக்கம் முடித்து அடுத்த பக்கம் திருப்பினபோது குமாரசாமி உள்ளே வந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நாற்பது பேர் இருக்கிற அறையில் நேராக அவள் பெஞ்சுக்கு வந்து நின்றார்.

"டெய்சி, எந்திரி. பையைக் கொடு."

ஜிப்பைத் திறந்தார், பாட்டுப் புஸ்தகத்தை எடுத்தார், ஏற்கெனவே தெரிந்த பக்கத்தைத் திறக்கிறவர் மாதிரி இருபத்துமூணாம் பாட்டைத் திறந்தார். பென்சில் எழுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். டெய்சிக்கு முதலில் பயம்கூட வரவில்லை, இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. சார், புஸ்தகத்தை நீங்களே வெச்சுக்கங்க, எந்த நம்பர் வேணாலும் கேளுங்க, இங்கயே சொல்றேன் என்றாள். ஒரு பையன்கூட, கேட்டுப் பாருங்க சார் என்று பின்னாலிருந்து சொன்னான்.

"மனசுல வெச்சுட்டு வந்தா அதுக்குப் பேரு படிப்பு. பையில வெச்சுட்டு வந்தா அதுக்குப் பேரு பிட்டு," என்றார் குமாரசாமி. "அதுவும் கோயில் புஸ்தகத்துல. வெளியே போ."

வெண்ணெய் திரண்டு வருகிறபோது தாழி உடைந்த கதை என்பார்களே, அது இதுதான். டெய்சி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. ஒரே ஒரு கணக்குத்தான் திரும்பத் திரும்ப ஓடியது. பென்சில் எழுத்து இருக்கிறது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் ரெண்டே பேர். ஒருத்தி டெய்சியே. இன்னொருத்தி உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். தான் இல்லாவிட்டால் முதலாவதாக வருகிறவளும் அவளேதான். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது.

மணி அடித்து எல்லாரும் வெளியே வந்தபோது ரங்கு ஓடிவந்து கையைப் பிடித்தாள். டெய்சி உதறினாள். காய்ச்சல்ல படுத்துக்கச் சொன்னயே, அதுக்குப் பதிலா பாடையிலயே ஏத்திட்ட என்றாள். உங்கூட்டுச் சோறு இத்தனை நாள் உள்ள போனதை நெனச்சா குமட்டுது என்றாள். இன்னும் ரெண்டு வார்த்தை சொன்னாள். ராமுலு நாயுடுவின் சாதியையும் தொழிலையும் இழுத்த வார்த்தைகள். அவற்றை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன். நாற்பது பேரும் படியில் நின்று கேட்டார்கள். ரங்கு முகம் வெளுத்துப்போனது.

"நான் சொல்லுல டெய்சி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் ஜெயக்கொடி வீங்கின காலை நீட்டிக்கொண்டு, கூடப் பழகி குழி பறிச்சவ உருப்படுவாளா என்று ஆரம்பித்துவிட்டாள். மாசிலாமணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். யாரையும் சபிக்காதே, வேதத்துல அப்படிச் சொல்லல என்று ரெண்டு தரம் சொன்னார். டெய்சிக்கு அப்பா மேல் அப்போது ஒரு பாசம் பொங்கியது. நம்ம அப்பாவைப்போல இந்த உலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். அவர் மடியில் தலை வைத்து அழுததும் அன்றைக்குத்தான். அவர் தலையைத் தடவிக் கொடுத்தார், பாதியில் கையை எடுத்துக்கொண்டார். அவருக்கும் தாங்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ரங்குதான் முதலாவது. ஒரு தரம் வீட்டுப் பக்கம் வந்து கேட் அருகே நின்றாள். ஜெயக்கொடி உள்ளே விடவில்லை, டெய்சியும் எட்டிப் பார்க்கவில்லை. மூணாவது வாரம் ரங்கு பெங்களூர் போனாள், தேறினாள். மில்லில் சேரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது என்று சென்டர்ப் பையன் ஒருவன் பஸ் ஸ்டாப்பில் சொன்னான். டெய்சி கேட்டுக்கொண்டு நின்றாள். ராத்திரி சாப்பிடவில்லை. எண்பது, நூற்றிப்பத்து என்று எந்த எண்ணைப் பார்த்தாலும் இப்போது ராகத்துக்கு முன்னால் ரங்கு முகம் வந்து நின்றது. அந்த மாசம் முழுக்க அவள் ஒருத்தியை வெறுத்துக்கொண்டே உயிர் வாழ்ந்தாள். வெறுப்பு அவளைத் தாங்கிப் பிடித்தது என்றே சொல்ல வேண்டும், அதில் ஒரு தெம்பு இருந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது. கோயில் முழுக்கக் காணிக்கையாக வந்த பூசணி, வாழைத்தார், கரும்பு, சோளத்தட்டு. உட்கார இடமில்லை. பிரசங்கம் முடிந்து அறிவிப்பு வாசிக்கக் குமாரசாமி எழுந்தார். காணிக்கைச் சாமான் ஏலம் எத்தனை மணிக்கு, விருந்துக்கு யார் யார் பரிமாறுவது எல்லாம் சொல்லிவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்தார். இன்றைக்கு ஒரு உத்தமரை நாம் கௌரவிக்கப்போகிறோம் என்றார். இந்தக் காலத்தில் பெற்றவர்களே பிள்ளைகளின் தப்பை மூடி மறைக்கிறார்கள், ஆனால் நம் நடுவில் ஒரு தகப்பன் இருக்கிறார், தன் பிள்ளை கோயில் புஸ்தகத்தில் பரீட்சைக்குப் பிட் எழுதி வைத்திருந்ததைக் கண்டதும், பெற்ற பாசத்தைப் பார்க்காமல் அந்தப் புஸ்தகத்தை என்னிடமே கொண்டுவந்து காட்டினார் என்றார். பேர் சொல்ல மாட்டேன் என்று வேறு சொன்னார். கோயில்பிள்ளைக்கு ஒரே மகள், பேர் எதுக்கு?

மாசிலாமணியை முன்னால் கூப்பிட்டார்கள். ஆயர் சால்வை போர்த்தினார். அவருடைய சேவையை இன்னும் மூணு வருஷத்துக்கு நீட்டிப்பதாகவும், வீடும் அதுவரை அவருக்கே என்றும் கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்திருப்பதாகக் குமாரசாமி சொன்னதும் சபையே கைதட்டியது. பாடகர் குழு முன்வரிசையில் டெய்சி உட்கார்ந்திருந்தாள். ஐந்நூறு கண் அவள் மேல். சால்வையோடு திரும்பின அப்பா ஒரு கணம் அவளைப் பார்த்தார், உடனே பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டார். கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது அவள் பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

நேரே கணபதிக்குத்தான் பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருந்தது. ரங்கு வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டெய்சியைப் பார்த்ததும் கையிலிருந்த ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு நின்றாள். டெய்சி வாளிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். எங்கப்பா, என்று மட்டும் சொன்னாள்.

தெரியும் என்றாள் ரங்கு. தேர்வுக்கு அடுத்த திங்கட்கிழமையே அவள் குமாரசாமியிடம் போயிருக்கிறாள். அது பிட்டு இல்ல சார், அந்தப் பாட்டை வெச்சுத்தான் நானும் படிச்சேன், என்னையும் வெளியே அனுப்புங்க, இல்லீனா அவளை மறுபடி எழுத உடுங்க என்று சண்டை போட்டிருக்கிறாள். அவளைப் பெத்த தகப்பனே கொண்டாந்து குடுத்தாரு, உனக்கென்ன வந்தது என்று கேட்டிருக்கிறார் அவர். நீ போகலீன்னா மூணாவது ஆள் போவான், அவளுக்கு மட்டும் கெடையாது என்றும் சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் ரங்கு பெங்களூர் போனாள்.

"தெரிஞ்சும் ஏன் ரங்கு எங்கிட்டச் சொல்லுல? அத்தனை பேச்சு பேசினனே உன்னைய," என்றாள் டெய்சி.

ரங்கு வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சிநேகிதின்னா நாளைக்கு வேற ஒருத்தி கெடைப்பா. அப்பனுக்கு எங்க போவே? அதான் என் மேலயே இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

லட்சுமியம்மாள் உள்ளேயிருந்து, வந்த புள்ளைய நிக்க வெச்சே பேசாதே, சோறு போடு என்று குரல் கொடுத்தாள். டெய்சியால் அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை. ரங்குவின் ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பிவிட்டாள். யாரைத் திட்டினோம், யார் மடியில் அழுதோம் என்று நினைத்துப் பார்த்தபோது பஸ்ஸில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, பக்கத்துத் தோட்டத்துக்காரியை அவள் கல்லால் அடித்திருக்கிறாள்.

ஆனாலும் பாருங்கள், பெத்த பாசம் என்பது சாமானியத்தில் விட்டுப்போகாது. வடகோவை வந்து இறங்குவதற்குள் அப்பாவுக்காக அவளே நாலு சமாதானம் கண்டுபிடித்துவிட்டாள். அப்பா அஞ்சாவது தாண்டாதவர். டெல்நெட்டும் கில்நெட்டும் அவருக்கு என்ன தெரியும். கோயில் புஸ்தகத்தில் எழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பார். கோயில் சாமான் மேல் ஒரு கீறல் விழுந்தால் ராத்திரியெல்லாம் தூங்காத மனுஷன். பிட் என்றே நம்பியிருப்பார், பாவத்தில் விழுந்துவிட்டாளே என்று துடித்திருப்பார். தெரியாத்தனம்தான், வேறென்ன. தெரியாமல் செய்தவரை மன்னிக்க முடியாதா என்ன. வீட்டுப் படி ஏறும்போது பாதி மன்னித்தேவிட்டாள்.

ஜெயக்கொடி ஏலத்தில் இருந்தாள். மாசிலாமணி மட்டும் சமையல் அறைப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார், சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியும் பனியனுமாக. சால்வை கயிற்றில் கிடந்தது. டெய்சி எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவரே ஆரம்பித்தார். பண்டிகைக்குப் புஸ்தகங்களுக்கெல்லாம் அட்டை போடச் சொல்லியிருந்தார்கள், உன் பையிலிருந்த புஸ்தகத்தையும் எடுத்தேன், அப்பத்தான் பாத்தேன் என்றார். கமிட்டியில யாராச்சும் பாத்தா எம் பேருதான் கெடும்னு, நானே போயி செக்ரட்டரிகிட்ட மன்னிப்புக் கேட்டுப்போடலாம்னு போனேன். கிறுக்கினதுக்குத்தான் மன்னிப்புக் கேட்கப் போனேன். செக்ரட்டரிதான் புரட்டிப் பார்த்துவிட்டு, இது பிட்டு மாசிலாமணி என்றார். அழிக்காம அப்படியே கொண்டுபோயி அவ பையில வெச்சுருங்க, மத்ததை நான் பாத்துக்கறேன், உங்க வீட்டு விஷயத்தையும் மார்ச்சுல பாத்துக்கலாம் என்றார். கொண்டுபோய் வைத்தேன். தேர்வு அன்றைக்குக் காலையில் நீ குளிக்கப் போனபோது, பை இருந்த இடத்திலேயே என்று முடித்தார்.

டெய்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாத்தனம் என்று அவர் வாயால் வர வேண்டும் என்பதற்காகக் காத்திருந்தாள். அவருக்கு அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கிற மாதிரியே கேட்டாள்.

"ஏனுங்கப்பா, ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமல்ல? இது என்ன கண்ணுன்னு?"

பொய் சொல்கிறவர் இல்லை அவர், அதுதான் கொடுமை. வெளியே ஏலத்தில் யாரோ பூசணிக்காய்க்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பே கண்ணு," என்றார். "நான் நம்பியிருப்பேன். நம்பிப்போட்டா அப்பறம் அவரு சொன்னதைச் செய்ய முடியாதல்ல. அதான் கேக்குல."

வழியெல்லாம் டெய்சி சேர்த்துவைத்திருந்த சமாதானங்களில் ஒன்றுகூட இந்தப் பதிலுக்கு ஆகவில்லை. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பாள், அதற்குத்தான் தயாராக வந்திருந்தாள். அவரோ உண்மையைத் தெரிந்துகொண்டுவிடக் கூடாது என்றே பார்த்துக் கேட்காமல் இருந்திருக்கிறார். வாசலில் ஜெயக்கொடி காலை இழுத்துக்கொண்டு வந்து, அம்மணி, வாழைத்தார் ஒண்ணு எடுத்தேன், வந்து தூக்கு என்று கூப்பிட்டாள். டெய்சி எழுந்துபோய் அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்தாள். அன்றிலிருந்து அப்பாவிடம் அவள் வேண்டியதைப் பேசினாள், சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். எதையும் கேட்கவில்லை.